நாளை எங்கே போகிறோம்

ஓட்டிஸ் பின்னறையில் தள்ளுவண்டியிலேயே தூங்கிப்போயிருந்தான். வினி சோபாவில் கட்டைவிரலை வாயில் போட்டபடி குப்புறக் கிடந்தாள். பகலில் பார்த்துக்கொள்ளும்படி பெற்றோர் விட்டுப்போகும் பிள்ளைகள் தூங்கும் இந்த நேரம்தான் பெவர்லிக்குச் சொந்தமான நேரம். தேநீரை ஆறவிட்டுவிட்டு, சமையலறை மேசையில் டேப்லெட்டைச் சாய்த்துவைத்து, காலையில் கடற்கரையில் எடுத்த படங்களில் ஒன்றைப் பெற்றோர் பார்க்கும் செயலியின் பதிவில் ஏற்றினாள். படத்தில் வினி சிப்பிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அதன் கீழே பெவர்லி எழுதினாள்: ‘வினி இன்று யாரும் சொல்லித்தராமல் நான்கு வரை எண்ணினாள். ஐந்தாவது சிப்பி உடைந்திருந்ததால் அது எண்ணிக்கையில் சேராதாம்.’

எழுதி முடித்த கையோடு படத்தின் கீழே சிவப்பு இதயம் ஒன்று மலர்ந்தது. வினியின் அம்மா காராவின் பெயரில்தான். பெவர்லிக்கு முகம் மலர்ந்தது. அடுத்த நொடி ஒரு வரி வந்து விழுந்தது. ‘முடியை யார் வெட்டியது? அசிங்கமாக இருக்கிறது.’

பெவர்லி முதலில் சிரித்துவிட்டாள். வினி தலையில் பசையைக் கொட்டிக்கொண்டதால் ஞாயிற்றுக்கிழமை முன்முடியைக் கத்தரித்தது காராவேதான். தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துப் பதில் எழுத விரலை வைத்தாள். அப்போதுதான் உறைத்தது. காரா மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறாள். வேலைக்குள் நுழையும்போதே எல்லாருடைய செல்போனையும் வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். சாயங்காலம்தான் திருப்பிக் கொடுப்பார்கள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வரி மறைந்தது. எழுதியவர் அழித்துவிட்டிருந்தார். இதயம் மட்டும் அப்படியே இருந்தது.

பெவர்லி எழுந்துபோய் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். சங்கிலியையும் மாட்டினாள். முன்னறைத் திரையை இழுத்து மூடினாள். திரை வளையங்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன.

காரா போன இலையுதிர்காலத்தில் இந்த ஊருக்கு வந்தவள். வந்த அன்று, காலணியைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே நின்று, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வினியின் அப்பா பெயர் டீன். பிள்ளையை நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. ஒருமுறை வினியைத் தூக்கிக்கொண்டு போய், இரண்டு நாள் எங்கே வைத்திருந்தான் என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஊரையே மாற்றிக்கொண்டு ஃப்ளீட்வுட்டுக்கு வந்தது. “ஃபேஸ்புக்ல கீஸ்புக்ல இவ படம் எங்கயும் வரக்கூடாது பெவ்” என்றாள். “அதெல்லாம் நான் போடவே மாட்டேன் கண்ணு. இந்தப் பதிவு வேற. உன் கடவுச்சொல் இருந்தாதான் திறக்கும். நீயும் நானும் மட்டும்தான் பாப்போம்” என்று பெவர்லி தைரியம் சொன்னாள்.

பிள்ளைகளைப் பற்றிய பதிவென்றால் பெவர்லிக்கு உயிர். வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களில் பலர் அதை ஒரு தொல்லையாக நினைத்தார்கள். ஒரு படம், ஒரு வாக்கியம், முடிந்தது. பெவர்லி அப்படியில்லை. எங்கே போனோம், எந்த வழியாகப் போனோம், வினி எந்தப் பறவையைப் பார்த்து என்ன கேட்டாள், பாட்டில் எந்த வரியை மாற்றிப் பாடினாள், எல்லாம் எழுதுவாள். ஆய்வுக்கு வந்த அரசு அதிகாரி அம்மா அவற்றைப் படித்துவிட்டு, உங்கள் கூடவே நடந்துபோவது மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் பெவர்லிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும்.

இப்போது அதே பதிவுகளை அவள் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். வேறொருவரின் கண்ணால் பார்த்தாள். புதன்கிழமை நூலகத்தில் பாட்டு வகுப்பு. போகிற வழியில் மூலை பேக்கரியில் வினிக்குப் பிடித்த இஞ்சி ரொட்டி. வெள்ளிக்கிழமை படகுத்துறை டிராம் நிறுத்தத்தில், பெவர்லியின் கணவர் கிரஹாம் தாத்தா ஓட்டும் டிராமுக்குக் கைகாட்டல். ஒரு படத்தில் நிறுத்தத்தின் பெயர்ப்பலகை வினியின் தலைக்குமேல் தெளிவாகத் தெரிந்தது. இன்னொரு படத்தில் புது மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, பெவர்லி வீட்டுப் பச்சைக் கதவின் முன்னால், கதவு எண்ணுக்குக் கீழே வினி இளித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொன்றின் கீழேயும் சிவப்பு இதயம். அத்தனையும் காராவுடையது என்று நினைத்திருந்தாள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருநாள், “அந்த ஓவியம் உனக்குப் பிடிச்சிருந்துச்சுல்ல?” என்று கேட்டபோது காரா விழித்தது ஞாபகம் வந்தது. வேலைக் களைப்பு என்று அப்போது நினைத்துக்கொண்டாள். அவன் எவ்வளவு காலமாக அவர்கள் கூடவே நடந்துவந்துகொண்டிருக்கிறானோ தெரியவில்லை.

ஆலைக்குத் தொலைபேசியில் பேசினாள். மேற்பார்வையாளர் முதலில் முரண்டு பிடித்தார். “பிள்ளை விஷயம், இப்பவே கூப்பிடுங்க” என்று பெவர்லி கத்திய கத்தலில் போய்க் கூட்டிவந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் காரா அழவில்லை. “பதில் ஏதாவது போட்டீங்களா?” என்றுதான் கேட்டாள்.

“இல்ல.”

“போடாதீங்க. எதையும் அழிக்காதீங்க. நீங்க பாத்தது அவனுக்குத் தெரியவே கூடாது. என் பழைய மின்னஞ்சலைத் திறந்து குடுத்ததே அவன்தான், அதோட கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். நான் ஒரு முட்டாள், அதையேதான் உங்க செயலிக்கும் குடுத்தேன். வினி எங்க?”

“தூங்கறா.”

“போய்ப் பாருங்க பெவ். இப்பவே போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

தூங்குகிற பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

காரா வெள்ளை ரப்பர் பூட்ஸும் தலை வலையுமாக, மீன் வாடையோடு பின்சந்து வழியாக ஓடிவந்தாள். அவளுக்குச் சற்றுப் பின்னால், அவள் தகவல் சொல்லியிருந்த போலீஸிலிருந்து ஹார்கிரீவ்ஸ் என்ற பெண் சாதாரண உடையில் வந்தார். மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து டேப்லெட்டைப் பார்த்தார்கள். பச்சைக் கதவுப் படம் வந்ததும் காரா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டாள்.

“கதவு நம்பரோட எடுத்திருக்கீங்களே பெவ்! நம்பரோட!”

 பிறகு காராவே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “உங்களைச் சொல்லி என்ன பண்ண. நானும்தானே அந்தப் படத்தைப் பாத்தேன். கோட்டு அழகா இருக்குன்னு நினைச்சேன், அவ்வளவுதான். பஸ்ல போகும்போது நீங்க எழுதினதைப் படிப்பேன். ஒரு நாள்ல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதே வரியை அவனும் எங்கயோ உக்காந்து படிச்சிருக்கான்.”

ஹார்கிரீவ்ஸ் விரலால் திரையைத் தொட்டார். ஒவ்வொரு நாள் பதிவின் அடியிலும் ‘நாளை எங்கே போகிறோம்’ என்று ஒரு பகுதி இருந்தது. பெற்றோர்கள் காலணியும் தொப்பியும் எடுத்துவைக்க வசதியாக பெவர்லியே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் அது. “இதைத் தினமும் எழுதுவீங்களா?”

“ஒரு நாள் விட்டதில்ல.”

“இன்னைக்கு எழுதலைன்னா?”

 எழுதாவிட்டால் அவன் புரிந்துகொள்வான். தான் அழித்த வரியை அவள் பார்த்துவிட்டாள் என்று புரிந்துகொள்வான். புரிந்துகொண்டால் காத்திருக்க மாட்டான்.

“ஆட்டுப் பண்ணைக்குப் போறோம்னு எழுதலாம்” என்றாள் பெவர்லி. தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. “இப்ப குட்டி போடற காலம். ஊருக்கு வெளியில இருக்கு, இந்தப் பக்கம் அது ஒண்ணுதான். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறது வழக்கம்தான். சந்தேகம் வராது.”

“வேண்டாம் பெவ். அவன்கூட விளையாடாதீங்க. அவன் உங்களை மாதிரி ஆளு இல்ல” என்றாள் காரா.

ஹார்கிரீவ்ஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இப்படி எழுதுங்கன்னு நான் சொல்ல முடியாது. எழுதாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். ஆனா பண்ணைக்காரங்களுக்கு நான் சொல்லிடறேன். காலையில அங்க எங்க வண்டி ஒண்ணு நிக்கறதுக்கு எந்தத் தடையும் இல்ல.”

இத்தனை வருடத்தில் பெவர்லி பதிவில் பொய் எழுதியதில்லை. சாப்பிடாத பிள்ளையைச் சாப்பிட்டான் என்றுகூட எழுதியதில்லை. இப்போது ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். ‘நாளைக் காலை பண்ணைக்கு ஆட்டுக்குட்டி பார்க்கப் போகிறோம்! வினிக்குச் சேற்றில் நடக்க பூட்ஸ் கொடுத்துவிடுங்கள்.’ பக்கத்தில் எப்போதும் போடுவதுபோல ஒரு சிரிக்கும் முகம் போட்டாள். அனுப்பிவிட்டு மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெட்டிலில் தண்ணீர் கொதித்து, தானே அடங்கியது.

இதயம் வந்தது.

அந்தச் சின்னச் சிவப்பு வடிவத்தைப் பார்த்து காரா வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினாள்.

காராவும் வினியும் அன்று பெவர்லி வீட்டிலேயே தங்கினார்கள். டிராம் ஓட்டிவிட்டு வந்த கிரஹாம் விஷயத்தைக் கேட்டு, பரணிலிருந்து மகனுடைய பழைய ஹாக்கி மட்டையைத் தேடி எடுத்துவந்து கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்தார். “அறுபது வயசுல என்னை விளையாட்டு வீரனாக்கிட்டியே பெவ்” என்றார்.

“சிரிக்காதீங்க கிரஹாம்.”

“சிரிக்கலைன்னா எனக்குக் கால் ஆடுது. உனக்குப் பரவாயில்லையா?” என்றார். பிறகு நடையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

காலையில் ஓட்டிஸை அனுப்ப வேண்டாம் என்று அவன் அம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது. திரைகளைத் திறக்காமல் விளக்கைப் போட்டுக்கொண்டு, மேசைமேல் போர்வையைத் தொங்கவிட்டு, அது கூடாரம் என்று வினியிடம் சொன்னார்கள். வினிக்கு ஒரே குஷி. பண்ணைக்குப் போகிற நேரம் வந்தது, கடந்தும் போனது. அவன் நம்பவில்லையோ என்று பெவர்லி நினைத்தாள். தன்னைப்போலவே அவனும் ஒரு நாடகம் ஆடுகிறானோ. பண்ணையில் போலீஸ் நிற்க, அவன் இங்கே இந்தத் தெருவில், பச்சைக் கதவைத் தேடிக்கொண்டு...

கதவு தட்டப்பட்டது.

காரா வினியை வாரி எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். கிரஹாம் மட்டையை எடுத்தார். கதவுக் கண்ணாடியில் ஓர் ஆண் உருவம் நின்றது. மறுபடி தட்டியது. பிறகு குனிந்து எதையோ வைத்துவிட்டு விசிலடித்துக்கொண்டே போனது. எதிர்வீட்டுக்கு வந்த பார்சல். அவர்கள் வீட்டில் இல்லாததால் இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கிரஹாம் மட்டையை மறுபடி கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்தார்.

அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஹார்கிரீவ்ஸ் அழைத்தார். பண்ணை வாசலுக்கு எதிரே, வேலியோரமாக வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தானாம். தகராறு செய்யவில்லையாம். என் பிள்ளைக்கு ஆட்டுக்குட்டி காட்ட வந்தேன் என்றானாம். பின்னிருக்கையில் குழந்தை இருக்கை இருந்தது. மதியம் அயர்லாந்து போகிற கப்பலுக்கு டிக்கெட் இருந்தது. இளஞ்சிவப்பு ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல், புதிதாக.

“என்ன சைஸ்?” என்று கேட்டாள் காரா. யாரும் எதிர்பார்க்காத கேள்வி. ஹார்கிரீவ்ஸ் விசாரித்துச் சொன்னார். அது இரண்டு வயதுப் பிள்ளைக்கு உரியது.

“தினமும் படத்தைப் பாத்திருக்கான். அவ வளந்தது தெரியல அவனுக்கு” என்றாள் காரா. அது சிரிப்பா அழுகையா என்று பெவர்லிக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எத்தனை நாள் உள்ளே வைத்திருப்பார்கள் என்று ஹார்கிரீவ்ஸால் உறுதி சொல்ல முடியவில்லை. காரா கேட்டுக்கொண்டாள். தெருவின் பெயர் அவனுக்குத் தெரியும். இனி வேறு ஊருக்குப் போவதுதான் வழி. அவள் மாடியில் யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டே பையில் துணி அடைப்பது கீழே கேட்டது. எந்த ஊர் என்று பெவர்லி கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று தோன்றியது. தெரியாமலிருப்பதுதான் இனி தன்னால் செய்யக்கூடிய ஒரே உதவி.

மதியத்துக்கு மக்ரோனி வேகவைத்தாள். பின்சந்தைப் பார்த்த சமையலறை ஜன்னலில் ஆவி படிந்து வெளுத்துப்போயிற்று. வினி பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று, நாக்கைத் துருத்திக்கொண்டு, அந்த வெளுப்பில் விரலை வைத்தாள். ஒரு கோடு கீழே, ஒரு கோடு மேலே, மறுபடி கீழே, மறுபடி மேலே. கோணல்மாணலாக, ஆனால் ஐயமில்லாமல், அவள் பெயரின் முதல் ஆங்கில எழுத்து, W.

“பெவ், இது நான்!”

பெவர்லியின் கை தானாக டேப்லெட்டை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. பிள்ளையின் இடுப்பைச் சுற்றி அணைத்துக்கொண்டு, “ஆமாண்டி கண்ணு, நீயேதான்” என்றாள். கோடுகள் வழியாகச் சந்து தெரிந்தது. குப்பைத் தொட்டிகளும், ஈரச் செங்கலும், யாரோ ஒருவர் தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவருவதும். உள்ளேயிருந்து பார்த்தாலும் வெளியேயிருந்து பார்த்தாலும் மாறாத எழுத்து அது. காலடிச் சத்தம் நெருங்கியது. பெவர்லி அதை அழிக்க ஸ்வெட்டர் கையை உள்ளங்கைவரை இழுத்துக்கொண்டு ஜன்னல்வரை உயர்த்தினாள். வினி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தின் முனைகளிலிருந்து நீர் வழியத் தொடங்கியிருந்தது.