ஒரே நம்பரில் எழுபத்தொரு பேர்

பௌர்ணமி விடுமுறையான போயா நாளன்று கடை பூட்டியிருக்கும். அன்று பொழுது சாய்வதற்குள் பதினொரு வருடத்து வாடிக்கையாளர்கள் அத்தனை பேரையும் பழைய கணினியிலிருந்து புதிய சிஸ்டத்துக்குக் குடிமாற்றிவிட வேண்டும் என்பது நப்லாவின் திட்டம். கண்டி, கம்பளை, மாத்தளை என்று மூன்று கிளைகள். பதினெட்டாயிரம் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் இரண்டு கண்கள்.

திருகோணமலை வீதியில் இருக்கும் அந்த மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடையின் சொந்தக்காரர் ரஸீன் முதலாளி, கம்ப்யூட்டர் கம்பனியிலிருந்து வந்த நப்லா, ஆறு வருடமாகக் கீழே கவுன்டரில் வாடிக்கையாளர் விவரங்களைப் பதிந்துவரும் சர்மிளா. சர்மிளாவை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. கூட்டம் தொடங்கியதிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. வழக்கமாகவே திறப்பவள் இல்லை.

நப்லா மடிக்கணினியை முதலாளி பக்கம் திருப்பினாள். அவரை அவள் அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நானா, புது சிஸ்டத்துல ஒரு போன் நம்பருக்கு ஒரு ஆள்தான். ஒரே நம்பர் ரெண்டு தரம் வந்தா, கடைசியாப் பதிஞ்ச ஆள் நிப்பார். மத்ததெல்லாம் அழியும்."

"நல்லம். பழைய வீட்டுக் குப்பையப் புது வீட்டுல கொண்டுபோய்க் கொட்ட ஏலா."

"ஆனா இந்த ஒரு நம்பர் மட்டும் எழுபத்தொரு தரம் வந்தீக்கு." நப்லா சிரித்தாள். "யாரோ சோம்பேறி, வாய்க்கு வந்ததை அடிச்சு வெச்சீக்காங்க. பகல் சாப்பாட்டுக்குப் பொறகு கோல் எடுத்துப் பாக்கிறன், யார்தான் பேசுறாங்கன்டு."

சர்மிளா திரையை எட்டிப் பார்க்கவில்லை. அது அவளுடைய நம்பர்.

பழைய புரோகிராமில் போன் நம்பர் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பாலம்மா வந்து நின்றாள். கொழுந்து பறிப்பவள். வீட்டில் போன் இல்லை. "நம்பரு இல்லாட்டி கண்ணாடி கெடையாதா தாயி?" என்று கேட்டாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மாடிக்கு ஏறிப்போய் முதலாளியிடம் கேட்க சர்மிளாவுக்கு நாக்கு எழவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரை அடித்தாள். கட்டம் வழிவிட்டது.

அதற்குப் பிறகு மடுல்கெல்லயிலிருந்தும் ஹேவாஹெட்டயிலிருந்தும் ஒவ்வொருவராக வந்தார்கள். போன் இல்லாதவர்கள், பிள்ளை கொழும்புக்குப் போகும்போது போனையும் கொண்டுபோய்விட்டவர்கள், நம்பரை நினைவில் வைக்காதவர்கள். கண்ணாடி தயார் என்ற செய்தி சர்மிளாவின் போனுக்கு வரும். தோட்டத்துப் பக்கம் போகிற பஸ் கண்டக்டரிடம் பெயரையும் குடியிருக்கும் லய வரிசையையும் சொல்லிவிடுவாள். ஒரு கண்ணாடிகூட வாங்க ஆளில்லாமல் கிடந்ததில்லை.

போன வருடம் கம்பளைக் கிளையில் ஒருவன் வாடிக்கையாளர் பெயர்களில் தன் நம்பரைப் போட்டுவைத்து, அவர்களைத் தன் மச்சானின் கடைக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தான். முதலாளி அவனை நின்ற நிலையிலேயே வீட்டுக்கு அனுப்பினார். ஊழியர் தம் நம்பரைப் பதிவில் போட்டால் வேலை இல்லை என்று மூன்று கிளைகளிலும் காகிதம் ஒட்டினார்கள். கண்டியில் அதை ஒட்டியவள் சர்மிளாதான்.

பகல் சாப்பாட்டுக்கு அவள் இறங்கி வந்தபோது, பூட்டிய கடையின் பக்கக் கதவால் உள்ளே வந்து கவுன்டர் முன்னால் ஹேவாஹெட்ட பொன்னையா நின்றார். கண்ணாடியை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அவிழ்த்தால் ஒரு பக்கம் சில்லு சில்லாய் இருந்தது.

"மாடு மிதிச்சிருச்சும்மா. அதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடு. நாளைக்குத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டணும்."

அன்று யார் பெயரைத் தேடினாலும், காலையில் ஏற்றிவைத்த புது சிஸ்டத்தின் பரீட்சார்த்தப் பதிவில்தான் தேட வேண்டும் என்று நப்லா சொல்லியிருந்தாள். சர்மிளா பொன்னையாவின் பெயரை அடித்தாள். இல்லை. தன் நம்பரை அடித்தாள். ஒரே ஒரு பெயர் வந்தது. தினுஷா, வயது பன்னிரண்டு, இரண்டு கண்ணும் மைனஸ் நாலு.

"என்ன மாமா, உங்க பேரக் காணோமே..."

"தோட்டத்துல பேர் பதியிற செக்ரோல்ல பேரு விட்டுப்போன மாதிரில்ல இருக்கு. நான் இங்கதானம்மா நிக்கிறேன்! கிள்ளிப் பாரு."

அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. பொன்னையாவின் கண்ணுக்கு பிளஸ் இரண்டரை. போயா முடிந்து அவர் வந்திருந்தால், கவுன்டரில் வேறு யாராவது நின்றிருந்தால், நம்பரைக் கேட்டு, திரையில் வந்ததைப் பார்த்து, அந்தச் சின்னப் பெண்ணின் கண்ணாடியை இவர் மூக்கில் மாட்டி அனுப்பியிருப்பார்கள். இவரும் குறை சொல்லமாட்டார். கடையில் தந்தது சரியாகத்தான் இருக்கும், நம்ம கண்ணுதான் இன்னும் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டு, கவ்வாத்துக் கத்தியோடு மலையில் ஏறுவார்.

பழைய புரோகிராமைத் திறந்து அவருடைய அளவை எடுத்து, மிச்ச வேலையை முடிக்கப் பின்னறைக்கு வந்திருந்த கண்ணாடி வெட்டுபவரிடம் கொடுத்தாள். சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே மாடிக்கு ஏறினாள்.

நப்லா போனைக் கையில் எடுத்து எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எடுக்காதீங்க மிஸ். அது என்னோட நம்பர்."

முதலாளி பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "எந்த நம்பர்?"

"அந்த எழுபத்தொண்ணு."

"கம்பளையில ஒருத்தன நான் என்ன செஞ்சதுன்டு தெரியுமா புள்ள?"

"தெரியும் முதலாளி. அதுக்குப் பொறகும் பதினோரு பேரப் பதிஞ்சேன்."

கேட்காததையும் சொல்லிவிட்டாளே என்று நப்லா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்த ஆக்கள நீங்க எந்தக் கடைக்கு அனுப்பின?" என்று கேட்டார் முதலாளி.

"இந்தக் கடைக்குத்தான் முதலாளி."

நப்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி சிரிக்கவில்லை.

"போன் இல்லாத ஆக்கள்ன்டா என்னட்ட வந்து செல்ல வேணாமா? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"கியூ நின்னுச்சு."

"ஆறு வருஷமாவா கியூ நின்டது?"

"மேல ஏறி வந்து கேக்கப் பயம் முதலாளி." அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "என்னைய நிப்பாட்டுறதுன்னா நிப்பாட்டுங்க. அவங்கள அழிச்சிராதீங்க. கடைசியா நிக்கிறது ஒரு சின்னப் புள்ள. அந்தப் புள்ளயோட கண்ணாடியத்தான் எழுபது பேருக்கும் குடுப்பீங்க. இப்பவே கீழ ஒருத்தர் பேரில்லாம நிக்கிறாரு."

நப்லா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். பரீட்சார்த்தப் பதிவில் தேடத் தேட அவள் முகம் மாறியது. திரும்பத் திரும்ப வந்த நம்பர்களின் பட்டியலை மெல்லக் கீழே இறக்கினாள்.

"நில்லுங்க," என்றார் முதலாளி. "அந்த ஆறு தரம் வந்த நம்பர். அது என்ட வீட்டு நம்பரெலியா?"

நப்லா அதைத் திறந்தாள். முதலாளியின் உம்மா, மனைவி, மகன், மூன்று மகள்மார் என்று ஆறு பேர் இருந்த இடத்தில் கடைசி மகள் மட்டும் நின்றாள்.

"எங்கட உம்மாவும் இல்லியா?"

"இல்ல நானா."

"உம்மாட கண்ணுல போன வருஷம்தானே ஒப்பரேஷன் செஞ்ச..." அவர் திரையில் விரலை வைத்து மேலும் கீழும் தேடினார். வீதியில் ஒரு பஸ் ஓயாமல் ஹோன் அடித்தது.

"இது என்ட பிழை நானா," என்றாள் நப்லா. "ஒரு வீட்டுல எல்லாருக்கும் ஒரு நம்பர்தான் ஈக்கும்ன்டு எனக்குப் பட்டிருக்கணும். எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். நம்பர வெச்சு ஆளப் பிரிக்க ஏலா. ஒவ்வொரு ஆளுக்கும் தனி அட்டை இலக்கம் குடுக்கணும். இந்தப் போயாக்குள்ள முடியாது."

"அடுத்த போயாக்கு வைங்க." முதலாளி எழுந்து ஜன்னலோரம் போய், திரும்பி வந்தார். "புள்ள, உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒண்டு எழுதுவன். கையொப்பம் வைக்கணும். நல்லதுக்குச் செஞ்சாலும் சட்டம் சட்டம்தான்."

"சரி முதலாளி."

"உங்கட நம்பர் ஒண்டிலயும் ஈக்கப்படாது. கடைக்குப் புதுசா ஒரு போன் எடுக்கிறன். போன் இல்லாத ஆக்கள்ட பேருக்கு அந்த நம்பர். அதைத் தூக்கிப் பேசுறது நீங்கதான். பயம் கியம்ன்டு செல்ல ஏலா."

சர்மிளா தலையாட்டினாள். கண் கலங்கிக்கொண்டு வந்தது. அது வேலை தப்பியதாலா, போனைத் தூக்கிப் பேச வேண்டுமே என்ற பயத்தாலா என்று அவளுக்கே பிரித்தறிய முடியவில்லை.

பின்னேரம் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டு நப்லாவின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். திரையில் போன் இல்லாத அந்த ஆட்களின் விவரத்துக்காக வெறுமையான எழுபத்தொரு வரிகள் காத்திருந்தன.

"முதல் ஆள்?"

"பாலம்மா. மடுல்கெல்ல, மேல் டிவிசன், மூணாவது லயம். காலையில வீட்டுல இருக்க மாட்டாங்க, மலைக்குப் போயிருவாங்க. சாயந்தரம் சொல்லணும். எடது கண்ணு கொஞ்சம் கூட. அடுத்தது அவங்க தங்கச்சி ரத்தினம்மா, அதே லயம், ஆனா ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல, ஒருத்தர் கண்ணாடிய மத்தவங்கிட்ட குடுத்துவிடக் கூடாது. அடுத்தது..."

"கொஞ்சம் மெதுவாச் செல்லுங்க சர்மிளா," என்றாள் நப்லா, தட்டிக்கொண்டே. "என்ட கை ஓடுதில்ல."