க்ராவெட்ஸ் வீட்டுப் பனி

க்ராவெட்ஸ் வீட்டுப் பெண்குழந்தைக்குப் பெயர் வைத்த சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் அடுக்களைக்குள் பனி பெய்யத் தொடங்கியது. அது 1947 ஆகஸ்டு. ஆற்றோரம் எஃகு ஆலையின் உலைகள் எரிந்துகொண்டிருந்தன, தெருநாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தன. தொட்டிலுக்கு மேலே, கூரைக்குக் கொஞ்சம் கீழே, எங்கிருந்தோ கிளம்பி அது நேராக இறங்கியது. பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்ப்பக்கம் விழும் பனி தரையைத் தொடுமுன்பே ஆலைக்கரி பட்டுக் கறுத்துவிடும். இது வெள்ளையாக இருந்தது. உலையிலிருந்து வேலை முடிந்து வந்த ஆட்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று பார்த்தார்கள். சூடுபட்டுத் தழும்பேறிய ஒரு கை மெதுவாக நீண்டு ஒரு துளியை ஏந்திக்கொண்டது.

குழந்தையின் அப்பா நஃப்தாலி பழைய இரும்பு வாங்கி விற்பவர். எதையும் வீணாக்கத் தெரியாத மனிதர். மறுநாளே நாலு துத்தநாகத் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்து, பனியை அள்ளி, மீனையும் பீரையும் அதில் புதைத்தார். குழந்தைக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை. அவள் தவழ்ந்த இடமெல்லாம் பனியும் கூடவே போயிற்று. பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கடைசி பெஞ்சு, பக்கத்தில் ஒரு வாளி. கணக்கு டீச்சர் ரோமக் கையுறை போட்டுக்கொண்டு அவள் நோட்டைத் திருத்தினாள்.

அவளுக்கு வைத்த பெயர் ஹென்யா. அம்மா சிவ்யாவின் தங்கை பெயர் அது. சிவ்யா பின்ஸ்க் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 1937இல் கப்பலேறி வந்தவள். அடுத்த வருஷம் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வருஷமும் முடியவில்லை, அதற்கடுத்த வருஷம் போர் வந்துவிட்டது. போர் முடிந்தபோது, அந்த ஊரில் யூதர் ஒருவரும் மிச்சமில்லை, ஜெர்மானியர் ஒரே நாளில் எல்லாரையும் குழிக்குள் சுட்டுத் தள்ளிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் ஆட்கள் செத்தவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்போம். உயிரோடிருப்பவர் பெயரை வைத்தால், உயிரைக் கூட்டிப்போக வரும் தூதனுக்கு ஆள் மாறிப்போகும். சிவ்யா, தங்கை செத்தாள் என்று நம்பி, அவள் பெயரை மகளுக்கு வைத்தாள்.

வருஷாவருஷம் அந்தக் கொலைநாளில் சிவ்யா கண்ணாடித் தம்ளர்களில் மெழுகு விளக்கு ஏற்றுவாள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, இரண்டு அண்ணன்மாருக்கு, தங்கைக்கு. நாலு விளக்கும் மறுநாள் பொழுது சாயும்வரை நின்று எரியும். தங்கையின் விளக்கு பற்றவே பற்றாது. குச்சி குச்சியாகக் கிழித்துப் பார்ப்பாள். "மட்டமான திரி. ஏமாத்துக்காரப் பய," என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு, கடையை மாற்றுவாள். எங்கள் ஊரில் அவள் மாற்றாத கடை இல்லை.

இருபது வயதில் ஹென்யா தன் வம்சத்தைத் தேட ஆரம்பித்தாள். அப்பாவின் இரும்புக்கடைக்குச் சுற்றுமதிலாக இருந்த தகரத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு மரம் வரைந்து, தெரிந்த பெயர்களை எழுதினாள். தெரியாதவற்றுக்காக நியூயார்க், டெட்ராய்ட், மான்ட்ரியால் என்று பஸ் ஏறிப் போனாள். அம்மாவின் ஊர்க்காரர்கள் அங்கெல்லாம் தையல் மிஷினுக்குப் பின்னாலும் கறிக்கடைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தலையில் பெய்வதைப் பார்த்து ஒருவரும் எழுந்து ஓடவில்லை, துண்டை எடுத்துக் கொடுத்தார்கள். அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஒரே கேள்விதான் கேட்பாள்: கண்ணால் பார்த்தவர் யார்? தாத்தாவை வரிசையில் பார்த்தவர் இருந்தார். பெரிய மாமா கழற்றிப் போட்ட கோட்டை அடையாளம் கண்டவர் இருந்தார். காட்டுக்குள் ஓடிப் பிழைத்த ஒரு கசாப்புக்காரர், குழிக்கரையில் நின்றவர்களை வீடு வீடாகச் சொன்னார். தகர மதிலில் கிளை பரவிற்று. எழுதிய ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் பார்த்தவர் ஒருவர் பெயர் ஏறியது. ஹென்யா என்ற பெயருக்குக் கீழே மட்டும் தகரம் வெறுமையாகவே கிடந்தது.

"அவள யாருமே பாக்கலம்மா," என்றாள்.

"பாக்கலன்னா செத்தவ பொழைச்சிருவாளா? போய்க் கூடத்தக் கூட்டு," என்றாள் சிவ்யா. அன்று முழுக்க அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

ஹென்யா ஆலையில் மின்வேலை பார்த்த லியோவைக் கட்டிக்கொண்டாள். அவன் ஓவர்கோட்டோடு படுக்கப் பழகினான். 1979 குளிர்காலத்தில், ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது, அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் சுத்தமாக இருந்தது. ஆனாலும் மூச்சு முட்டியது. கொடுத்த மருந்தெல்லாம் சுவருக்குக் கொடுத்த மாதிரி போயிற்று. கட்டிலுக்கு மேலே பனி என்றுமில்லாத வேகத்தில் கொட்டியது, நர்ஸுகள் மண்வெட்டியோடு வந்தார்கள்.

ஜெபக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் கிழவர் பெரெல் பார்க்க வந்தவர், வெளியே வந்து லியோவிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்: "நோவு இவளோடது இல்லப்பா. இன்னொருத்தியோடது. அவ போனா இவளும் போவா, வயித்துல இருக்கிறதும் போவும். அவளத் தேடு."

எங்கே என்று தேடுவது? அந்தச் சமயத்தில்தான் ரஷ்யாவிலிருந்து வெளியேறி வந்த யூதக் குடும்பங்களில் ஒன்றை எங்கள் ஊர் ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த வீட்டு ரைசா பல் வைத்தியம் படித்தவள், சான்றிதழ் இங்கே செல்லாததால் ரொட்டிக்கடையில் நின்றாள். ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டுவந்தவள், போர்வைமேல் பனியோடு விழுந்து கிடந்த பழுப்புத் தொலிகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அட, இது தேவதாருக் கொட்டை! சினிமாக் கொட்டகையில நாங்க இதத்தான் கொறிச்சுத் துப்புவோம். யாரு துப்புனது?" அவள் பிறந்தது ரஷ்யாவின் பனிக்காட்டுப் பக்கமான தோம்ஸ்க். அந்தப் பக்கத்து ஆற்றங்கரை மரம்வெட்டிக் குடியிருப்புகளில், ஜெர்மானியர் வருவதற்குச் சில நாள் முன்பு ரஷ்யர்கள் சரக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டுபோய்த் தள்ளிய பின்ஸ்க் பக்கத்து ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றாள்.

தகர மதில் இத்தனை வருஷம் காலியாக வைத்திருந்த இடம் அதுதான். சுடும்போது சித்தி ஹென்யா ஊரில் இல்லை.

ரைசாவின் மச்சான் அந்த ஆற்றில் படகு ஓட்டுபவன். அவன் மூலம் கேட்டு, குடியிருப்பின் தபாலாபீசுக்கு டெலிபோன் பதிவு செய்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இணைப்புக் கிடைத்தது. கட்டிலோரம் எல்லாரும் நின்றோம். ரிசீவரில் இருமல்தான் முதலில் கேட்டது. கட்டிலில் இவளும் அதே இருமலை இருமினாள்.

"யாரு?" என்றது அங்கிருந்து ஒரு பெண்குரல், எங்கள் பாஷையில்.

"ஹென்யா."

"ஹென்யா நான்தான்டி. நீ யாரு?"

"சிவ்யா மகள். நீங்க செத்துட்டீங்கன்னு உங்க பேர எனக்கு வெச்சிட்டாங்க, சித்தி."

ரிசீவர் இரைந்தது. பிறகு கத்தல் வந்தது. "உயிரோட இருக்கிறவ பேர வெச்சாளா? கேனச்சிறுக்கி! அதான் இங்க முப்பது வருஷமா வீட்டுக்குள்ள கரி விழுது! என் வீட்ல மட்டும் விழுது! வெளுத்த துணிய மடிக்கிறதுக்குள்ள கறுத்துப்போவுது. எந்த ஊருக் கரிடி அது?"

ஆலையில் வேலை பார்த்த ஆட்கள் சிலர் அறைக்கு வெளியே நின்றிருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று ஹென்யா கெஞ்சினாள். மாட்டேன் என்றாள் சித்தி. படகேறி ஒரு நாள் போகவேண்டும், யாருக்காகப் பிழைக்கவேண்டும், புருஷனும் இல்லை பிள்ளையும் இல்லை, போதும் என்றாள். லியோ ரிசீவரை மாமியாரிடம் நீட்டினான். சிவ்யா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மகளின் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தாள். பிறகு வாங்கினாள்.

"ஹென்யா. அக்கா பேசறேன்."

அந்தப் பக்கம் இருமல்கூட நின்றது.

"அடுத்த வருஷம்னு சொன்னேன்ல. இது அடுத்த வருஷம்னு வெச்சுக்க. கூப்பிடறேன், வா. வரணும்னா முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போடி கழுதை."

"நாப்பத்திரண்டு வருஷம் கழிச்சுக் கூப்பிடறா பாரு, மகாராணி," என்றது குரல். ஆனால் போனாள். அங்கே ஊசி போட்ட மூன்றாம் நாள் இங்கே காய்ச்சல் இறங்கியது. ஏப்ரலில் ஹென்யாவுக்கு ஆண்குழந்தை பிறந்தது. தன் அப்பாவின் பெயரை அவனுக்கு வைக்குமுன் சிவ்யா, அவரை அன்று வரிசையில் பார்த்தவரை டெட்ராய்டிலிருந்து வரவழைத்து, இன்னொரு தடவை சொல்லவைத்துக் கேட்டாள்.

சித்தி 1981இல் வந்து சேர்ந்தாள். கட்டையான பெண்மணி, கோடாலி பிடித்துக் காய்த்த கை. அக்காவைக் கட்டிப் பிடித்தாள், அதே மூச்சில் திட்டினாள். அதன் பிறகு அந்த அடுக்களை மேசையின் ஒரு பக்கம் பனியும் மறுபக்கம் கரியும் பெய்தன. இரண்டு ஹென்யாக்களும் கூட்டி ஒரே முறத்தில் அள்ளினார்கள். மூன்று வருஷத்தில் ஆலையை மூடினார்கள். உலை அணைந்தது, புகைபோக்கி நின்றது, எங்கள் ஊர் வானம் முதல்முறையாக நீலமாகத் தெரிந்தது. யாருக்கும் வேலை இல்லை. அப்போது ஊரில் கரி விழுந்த ஒரே இடம் க்ராவெட்ஸ் அடுக்களைதான். ஆட்கள் மறுபடி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். சித்தி உள்ளே கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைப்பாள். தோளில் விழுந்த கரியை ஒருவரும் தட்டிவிடவில்லை.

1986இல் சித்தி படுத்தாள். தூதன் ஆளை மாற்றிக் கூட்டிப்போய்விடுவானோ என்று தெருவே பயந்தது. பெரெல் சின்ன ஹென்யாவை வேறு ஊருக்கு அனுப்பச் சொன்னார். அவள் போகவில்லை. சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், வருகிறவன் பனி எது கரி எது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று. வந்தவன் பார்த்துத்தான் எடுத்திருக்கிறான். மத்தியானம் கரி விழுவது நின்றது. சின்னவளின் கைக்குள் பெரியவளின் கை குளிர்ந்தது.

மறுவருஷம் தங்கை போன நாளில் சிவ்யா அவளுக்கு விளக்கு ஏற்ற உட்கார்ந்தாள். பழக்கத்தில் குச்சிப் பெட்டியை முழுசாகவே எடுத்துவைத்திருந்தாள். முதல் குச்சியிலேயே பற்றியது. அவள் அணைந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவ நல்ல திரி," என்றாள்.

மறுநாள் பொழுது சாயும்வரை விளக்கு எரிந்தது. மேலே பனி பெய்துகொண்டிருந்தது, சுடர் நனையவில்லை. ஹென்யா முறத்தை எடுத்துக் கூட்டப் போனாள்.