கணவாய்ப் பாதைக்கு ஒரு வரி

நாடு பெரியது. வானிலை அலுவலகத்தில் அவளுடைய கணினித் திரையில் அது ஒரு தாம்பாளம் அளவுதான். கிழக்குக் கடற்கரைக்கு மழை, சமவெளிக்கு மூடுபனி, வடக்கே பனிப்பொழிவு என்று அடுத்த மூன்று நாட்களுக்கான முன்னறிவிப்பை மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தவள், நடு மலைத்தொடரின் கணவாய்ப் பாதைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். மதியச் செய்தியில் வாசிக்க வேண்டும் என்று வானொலிக்காரர்கள் ஏற்கெனவே நச்சரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தப் பாதையில்தான் அவள் கணவன் வந்துகொண்டிருந்தான். கோடையில் ஒரு சண்டை. சொல்லக்கூடாததை இருவருமே சொன்னார்கள். அவன் மலைக்கு அந்தப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். இன்று காலை அந்த நாத்தனார் போன் செய்திருந்தாள்.

"அண்ணி, அண்ணன் கிளம்பிட்டான். ஆனா மூஞ்சி சரியில்ல. வழியில ஒரு சாக்கு கிடைச்சா போதும், வண்டியைத் திருப்பிடுவான். அப்புறம் நான் கால்ல விழுந்தாலும் கிளம்ப மாட்டான். அவன் புத்தி தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும். தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டேன்."

"அப்ப அனுபவிங்க," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

திரையில் இரண்டு கணிப்புகள் இருந்தன. ஒன்று, கணவாயில் சாதாரண மழை என்றது. இன்னொன்று உறைமழை என்றது. தண்ணீராகவே விழுந்து, சாலையைத் தொட்டதும் கண்ணாடியாகிவிடும் மழை அது. மழை என்றால் மஞ்சள் எச்சரிக்கை, பாதை திறந்திருக்கும். உறைமழை என்றால் ஆரஞ்சு. போலீஸ் உடனே தடுப்பைப் போட்டுவிடும். அவனுக்குச் சாக்கு கிடைத்துவிடும்.

'மழை' என்று அடித்தாள். படித்துப் பார்த்தால் வேண்டுதல் மாதிரி இருந்தது. அழித்துவிட்டு 'உறைமழை' என்று அடித்தாள். உடனே வளைவில் கார் வழுக்குவது கண்ணுக்குள் வந்து நின்றது. எதைக் கணக்குப் பார்த்து எழுதினோம், எதைப் பயந்து எழுதினோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த விதிமுறையிலும் கிடையாது. சொந்தக்காரர் பயணம் செய்யும் பகுதிக்கு யாரும் எழுத மாட்டார்கள். பக்கத்து நாற்காலிக்குத் தள்ளிவிடுவார்கள். பக்கத்து நாற்காலியில் 'ஸ்வெட்டர்' இருந்தார். வெயில் காலத்திலும் கழற்றாததால் வந்த பெயர். மகள் கல்லூரிச் சுற்றுலா போனபோது அவர் தெற்கு முழுவதையும் அவளிடம் தள்ளியிருந்தார். அதற்காக அவரை அவள் கேலி செய்தது கொஞ்சநஞ்சமல்ல.

"அண்ணே, கணவாயை நீங்க எழுதுங்க."

"ஏம்மா, உன் ஆளு வர்றாரா?"

"ம்."

"லீவுக்கா, ஒரேயடியாவா?"

"வந்தாத்தான் தெரியும்."

வெறும் மாற்றல் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள். ஆபீசுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேலே வெதுவெதுப்பான காற்று. தரையில் உறைநிலைக்கும் கீழே. உச்சுக்கொட்டினார்.

"சந்தேகமே இல்ல தங்கச்சி. ஆரஞ்சு. என் பொண்ணு வந்தாலும் ஆரஞ்சுதான்."

"போடுங்க," என்றாள்.

வானொலியில் மதியச் செய்தி முடிந்தது. அவன் எண்ணுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. தடுப்பு விழுமுன் மேலே ஏறிவிட்டிருந்தால்? மறுபடி அடித்தாள். மறுபடி. டீ ஆடை கட்டிப்போயிருந்தது. கடைசியில் அவனே கூப்பிட்டான்.

"தடுப்பு போட்டுட்டாங்க. அடிவாரத்துல நிக்கறேன். உன் வேலையா?"

போன உயிர் திரும்பி வந்தது. "இல்ல. ஸ்வெட்டர் அண்ணன் எழுதினார்."

"நீ எழுதியிருந்தா?"

"மழைன்னு எழுதியிருப்பேன்."

"என்னைப் பரலோகத்துக்கு அனுப்பியிருப்பே."

"ஆமா. நீங்க வரணும்னு அவ்வளவு இருந்துச்சு. அதான் பயந்துபோய் அவர்கிட்ட குடுத்துட்டேன்."

மறுமுனையில் வைப்பர் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. எந்தப் பக்கம் திருப்பப் போகிறான் என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை.

"எப்ப திறப்பாங்க?" என்றான்.

"நாளன்னைக்குக் காலையில."

"சொல்றது நீயா, உங்க ஆபீசா?"

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள். "அண்ணே, கணவாய் எப்ப தெளியும்?"

"நாளன்னைக்குச் சாயங்காலம். அதுக்கு முன்னால வாய்ப்பில்ல."

"சாயங்காலமாம்," என்றாள் போனில், சன்னமாக.

"சரி. எதிர்ல ஒரு லாட்ஜ் தெரியுது. என்னை மாதிரி பத்துப் பேர் உள்ள போறாங்க. ரூம் இருக்கான்னு கேக்கறேன். லைன்லயே இரு."

கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ரூம் இருக்க வேண்டுமே என்று அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.