முதலில் கேட்டவர்

செத்த பிறகுதான் ராமானுஜத்துக்கு மவுசு கூடியது. உயிரோடு இருந்தவரை அவன் நாவலை ஓசியில் கொடுத்தாலும் செங்கல்பட்டில் வாங்க ஆளில்லை. இப்போது நவீனத்துவத்தின் சிகரம் என்கிறார்கள். கீர்த்தனா என்ற பேராசிரியை அவன் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்து, அச்சுக்குப் போகுமுன் தகவல்களைச் சரிபார்க்கச் சொல்லி என் ஜவுளிக்கடைக்கே கொண்டுவந்தாள்.

"உங்களைவிட அவரைத் தெரிஞ்சவங்க யாரு சார்?" என்றாள். கடை வைத்திருக்க வேண்டிய பெண்.

அப்பா பேர், படித்த பள்ளிக்கூடம், ஊரப்பாக்கத்து வாடகை வீடு எல்லாம் சரி. மாமல்லபுரம் அத்தியாயத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. 'கடைசி நாவலின் முடிவை முதலில் கேட்டவர், சிற்பக்கூடம் நடத்தும் நண்பர் ஜோஷ்வா.' என்னைத் தேடினேன். அடுத்த பக்கத்தில் கிடைத்தேன்: 'செங்கல்பட்டில் ஜவுளிக்கடை நண்பர் ஒருவரும் உண்டு.' உண்டாம்! இலை ஓரத்து உப்பு மாதிரி.

அந்த முடிவை ராமானுஜம் என் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தான். "தீனா, நீதான்டா போணி" என்று சொல்லிவிட்டே ஆரம்பித்தான். முதல் வியாபாரத்துக்குச் சொல்கிற அந்த வார்த்தையே என் கடையில் பொறுக்கியதுதான்.

யார் முதலில் கேட்டது என்று விசாரித்துச் சொல்வதாகக் கீர்த்தனாவிடம் சொல்லிவிட்டு மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

தலையெல்லாம் கல்தூசியோடு ஜோஷ்வா எழுந்து வந்தான். "வா அண்ணாத்த, குந்து. டீ சொல்லட்டா?"

"டீ கெடக்கட்டும். ராமானுஜம் உனக்குத்தான் மொதல்ல படிச்சானாமே? கனவுலயா?"

"இன்னா அண்ணாத்த, வந்ததும் வராததுமா? தோ, இந்தக் கல்லு மேல குந்திகினுதான் படிச்சாரு. நீதான் போணின்னாரு."

என் போணியை எடுத்து இவனுக்கா கொடுத்தான்? இருக்கட்டும். பொய்ச் சரக்கை உரசிப் பார்க்கத் தெரியாதவனா நான்?

"அப்ப சொல்லு, கதை எப்படி முடியும்?"

"அந்த ஆளு செருப்பக் கழட்டி வச்சிட்டு கடலப் பாத்து நடப்பான். கால்ல அலை படும். அவ்ளோதான்."

மாட்டினான். வாய்விட்டுச் சிரித்தேன். "கடலாம்! ரயில்ல விழுந்து சாவான்டா அவன்."

ஜோஷ்வா என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தை நீட்டினான். செருப்பு. கடல். அலை.

"நீ இத்தப் படிக்கவே இல்லியா?"

படிக்கவில்லை. எழுதினவன் வாயாலேயே கேட்டவனுக்குப் புத்தகம் எதற்கு? அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது கடைக் கண்ணாடி அலமாரியில், பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

"ஓ, அந்த ரயிலா!" என்று தொடையைத் தட்டினான் ஜோஷ்வா. "சொன்னாரே! 'ஒருத்தன்கிட்ட விரிச்சுப் பாத்தேன், கொட்டாவி வுட்டான், தூக்கிப் போட்டுட்டேன்'னு. அது நீதானா அண்ணாத்த?"

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. போகுமா போகாதா என்று சந்தேகப்படுகிற புடவையைக் காலையில் வரும் முதல் ஆளிடம்தான் விரிப்போம். அவர் வாங்க வேண்டாம், முகம் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் போதும். சுளித்தால் மடித்துப் பரணில் போட்டுவிட்டு, அடுத்து வருகிறவருக்கு நல்லதை எடுப்போம். நான் முகம் பார்த்த அழகையெல்லாம் ராமானுஜம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான், படுபாவி. முதல் ஆள் நான்தான். சந்தேகமே இல்லை.

டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சல்.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கீர்த்தனா போன் செய்தாள்.

"சார், யார் முதல்ல கேட்டாங்கன்னு தெரிஞ்சிதா?"

"நான்தாம்மா. ஜோஷ்வாவே ஒத்துக்கிட்டான்."

"அப்படியா! இந்தக் கடல் முடிவைத்தானே சார்?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்தப் பக்கம் கடல் கண்ணுக்கே தெரியாது.

"வேற எந்த முடிவு இருக்கு? செருப்பு, அலை, எல்லாந்தான். கேட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிடுச்சுன்னு போட்டுக்கோ."

"அப்ப ஜோஷ்வா சார் பேரை எடுத்துடட்டுமா?"

"சே, பாவம். இருக்கட்டும்மா" என்றேன். "ரெண்டாவதாக் கேட்டவர்னு போட்டுடு."