கெட்டிலை யார் போட்டது?

தத்துவப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘கோணம்’. எதைக் கேட்டாலும், அது நாம் நிற்கிற கோணத்தைப் பொறுத்தது என்பார். உண்மை என்பதே ஒவ்வொரு கூட்டமும் தனக்காக எழுதிக்கொள்ளும் கதை என்பது அவர் கட்சி. மாணவர் கட்டுரையில் ‘உண்மையில்’ என்ற சொல் தலைகாட்டினால் போதும், சிவப்புப் பேனா பாய்ந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாய் நிறையப் பஞ்சோடு பதினொரு மணிக்குக் கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் அறையில் ஒரே கருகல் நாற்றம். தண்ணீர் வற்றிய மின்கெட்டிலின் அடி உருகி மேசைவிரிப்போடு ஒட்டியிருந்தது.

அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மறதிக்குப் பேர்போனவர் அவர்தானே. காலையில் அவரைக் கெட்டிலருகே பார்த்ததாக எழுத்தர் சொன்னார். அவர் இருமல் கேட்டதாக வரலாற்று ஆசிரியர் சொன்னார். நூலகர் அம்மா நீலச் சட்டையைக்கூடப் பார்த்திருந்தார். கோணம் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

அவர் கையை ஆட்டினார், தலையை ஆட்டினார். பஞ்சு பேச விடவில்லை. கடைசியில் ஒரு தாளில் கிறுக்கி எழுத்தரிடம் நீட்டினார். எழுத்தர் உரக்கப் படித்தார்: “உண்மையில் நான் இங்கே இல்லவே இல்லை.”

வரலாற்று ஆசிரியர் மெதுவாகக் கேட்டார்: “அது உங்க கோணம்தானே சார்?”

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. நடந்தது இதுதான் என்று ஒருவராவது ஒப்புக்கொள்ளமாட்டாரா என்று அவர் ஏங்கியது அன்றுதான்.

அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவி உள்ளே வந்தார். மேசையைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். “நான்தாங்க போட்டேன். போன் வந்துச்சு, பேசிக்கிட்டே வெளிய போயிட்டேன்.”

இருமல் கேட்டவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டையைப் பார்த்தவருக்குத் திடீரென்று நூலகத்தில் வேலை வந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் முன்வரிசைப் பெண் எழுந்து, கெட்டில் விஷயத்தில் மொத்தம் எத்தனை உண்மை என்று கேட்டாள். சமாளிப்பாக ஒரு வாக்கியம் அவர் நாக்குநுனி வரை வந்தது. விழுங்கிவிட்டார்.

“போட்டது ஒருத்தர்தாம்மா. அதுல கோணம் கிடையாது. ஆனா கண்ணும் காதும் நல்லா இருக்கிற மூணு பேரு, இல்லாத என்னை எப்படிப் பார்த்தாங்க? அதைச் சொல்லு, கேப்போம்.”

எதிர்பார்த்தவரைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்றாள் அவள். அப்படியானால் அது பொய்யா என்றான் பின்வரிசையிலிருந்து ஒருவன். இல்லை, நம்பித்தான் சொன்னார்கள் என்று இன்னொருத்தி எழுந்தாள். மணி அடித்தும் ஒருவரும் அசையவில்லை. அடுத்த பாடம் எடுக்க வந்த கணக்கு ஆசிரியர் வாசலில் சற்று நின்று பார்த்துவிட்டு, பையைக் கீழே வைத்து, கடைசிப் பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டார்.