கருப்பன் கொடுத்த ரத்தம்

மலர்க்கொடியின் நாய் லட்டுவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. நாலு எட்டு ஓடினால் பொத்தென்று விழுந்துவிடும். டுரியான் துங்கால் ஊரில் அவளுக்குப் புத்தி சொல்லாத ஆளில்லை. "ஊசி போட்டுத் தூங்க வச்சிரு. வேற குட்டி எடுத்துக்கலாம்லா" என்றார்கள். வேறு குட்டியாம்! ஸ்கூல் வேன் ஓட்டிக் களைத்து வரும்போது, விழுந்து எழுந்தாவது வாசலுக்கு வந்து வாலாட்டுவது அந்த வேறு குட்டியா? யார் பேச்சையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோலாலம்பூருக்கு வெளிநாட்டு மருத்துவர்கள் வந்திருந்தார்கள். லட்டுவின் இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை மெஷினில் ஓடவிட்டு, ஓட்டையைத் தைத்துவிடுவார்களாம். அதற்கு வேறு நாய்களின் ரத்தம் வேண்டும். இரண்டு நாய்கள் கிடைத்துவிட்டன. மூன்றாவதாக, சோதித்துப் பார்த்ததில் பொருந்தியது ஒன்றே ஒன்று. அது எஸ்டேட் முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கருப்பன்.

கோயில் தலைவர் ரங்கசாமி குதியோ குதியென்று குதித்தார். "சாமிக்கு விட்ட நாய்மா அது! அது ரத்தத்த எடுத்தா ஊருக்கே ஆவாது."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன் மாமா" என்று சொல்லிவிட்டுக் கருப்பனை வேனில் ஏற்றினாள். அவரும் விடாமல் காரில் பின்னாலேயே வந்தார்.

மருத்துவமனையில் தாதி, சம்மதக் கையெழுத்துப் போடவேண்டிய பாரத்தை நீட்டி, நாய் யாருடையது என்று கேட்டாள்.

"முனியாண்டியோடது" என்றார் ரங்கசாமி. "அவரு கையெழுத்து இல்லாம ஒரு சொட்டு எடுக்கக்கூடாது!"

மலர்க்கொடி கைப்பையிலிருந்து நாய் லைசன்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். சாமி நாய்க்கு எதற்கு லைசன்ஸ் என்று வருஷா வருஷம் மீசையை முறுக்கியவர் இதே தலைவர்தான். போன வருஷம் நகராண்மைக் கழகத்தின் நாய் பிடிக்கும் லோரி வந்தபோது, கருப்பனைக் காப்பாற்ற அவள் ஓடிப்போய்த் தன் பெயரில் எடுத்து, இந்த வருஷமும் புதுப்பித்தது அது. பாரத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள்.

கருப்பன் தேமே என்று படுத்து ரத்தம் கொடுத்தான். மறுநாள் லட்டுவின் இதயம் நின்றிருந்த நேரமெல்லாம் மலர்க்கொடி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைசியில் மருத்துவர் வெளியே வந்து, இதயம் மறுபடி துடிக்கிறது என்றார். அத்தனை பேர் முன்னால் அவள் ஓவென்று அழுதாள்.

மூன்று மாதம் கழித்துக் கோயில் திருவிழா. அப்போதுதான் ஆடு வெட்டி முடித்திருந்தார்கள். லட்டு, கருப்பன் இரண்டு நாய்களோடும் வந்தவளை ரங்கசாமி வாசலிலேயே மறித்தார்.

"ரத்தம் எடுத்ததுல சாமி நாய் தீட்டாயிடுச்சும்மா. பரிகாரம் பண்ணாம உள்ள வராத."

அவர் காலடியில் ஆட்டு ரத்தம் இன்னும் காயவில்லை. மலர்க்கொடி அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"மண்ணுல கொட்டுன ரத்தம் பூசை. ஒரு உசுருக்குள்ள ஓடுற ரத்தம் தீட்டா மாமா?"

ரங்கசாமி வழிவிடவில்லை. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு, இரண்டு நாய்களோடும் உள்ளே போனாள்.