கை மட்டும் அறிந்திருந்த வேலை

மருத்துவ ஆய்வுக்கூடங்களுக்கு மென்பொருள் செய்து தரும் அச்சிறிய அலுவலகத்தில், மாதந்தோறும் புதிய பதிப்பைக் கட்டி அனுப்பும் வேலை நான்கு ஆண்டுகளாக அவள் ஒருத்தியின் தலையிலேயே விடிந்தது. நிரல்களைத் தொகுத்து, சோதனைகளை ஓட்டி, பொட்டலமாக்கி முடிப்பதற்குப் பதினாறு படிகள். ஒன்று பிசகினாலும் மறுபடி முதலிலிருந்துதான்.

வரும் திங்களன்று அவளுடைய தங்கைக்கு அறுவைச் சிகிச்சை. உடனிருக்க வேறு நாதியில்லை. புதன்கிழமையோ புதிய பதிப்பு போயாகவேண்டும்.

"தாராளமா போம்மா. ஆனா நீ இல்லாமலே ரிலீஸ் போகும்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குக் காட்டிடு" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

எனவே பதிப்பைத் தானே கட்டித் தரும் பில்ட் கருவி ஒன்றை நிறுவி, பதினாறு படிகளையும் அதற்குப் புரியும் விதத்தில் ஒரே கோப்பில் எழுதினாள். ஒரு கட்டளை தட்டினால் போதும். மீதியைக் கருவி பார்த்துக்கொள்ளும். நான்கு நாள் மல்லுக்கட்டிய பின், அவளுடைய கணினியில் அது தடையின்றி ஓடியது.

வெள்ளி பிற்பகல், புதனன்று அவளுக்குப் பதிலாக அதை ஓட்டவேண்டிய சோதனையாளனுடைய கணினியில் அது பாதியில் படுத்துவிட்டது. எதைக் கொடுத்தாலும் "நிச்சயமா?" என்று கேட்பவனாதலால், அலுவலகத்தில் அவனுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர்.

"உங்க மெஷின்ல ஓடுது, என் மெஷின்ல ஓடலையே அக்கா. நிச்சயமா எல்லாத்தையும் எழுதினீங்களா?"

"எழுதிட்டேன்ப்பா. என் உயிர எடுக்காதே."

மூன்று முறை சரிபார்த்தாள். பதினாறும் இருந்தன. எழுத்துகள் கண்முன் நீந்தின. விடுப்பு வேண்டாமென்று சொல்லிவிட்டு மேசைமேல் தலைசாய்த்துக்கொள்ளலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"கருவிய விடுங்க. பழையபடி கையால ஒரு தடவ செய்யுங்க, நான் பாக்குறேன்" என்றான் சந்தேகம்.

அலுப்புடன் தன் கணினிக்குத் திரும்பித் தொடங்கினாள். மூன்றாம் படி முடிந்ததும் அவள் கை தானாகவே முகப்புத் திரைக்குப் போய், அங்கிருந்த, பரிசோதனை அளவுகளுக்கான அலகுப் பட்டியல் கோப்பை இழுத்து நிரல்கள் இருக்கும் கோப்புறையில் போட்டது.

"நில்லுங்க! இது என்ன?"

"எது?"

"இப்போ இழுத்துப் போட்டீங்களே. அந்தப் பதினாறு படியில இது இல்லையே! உங்க கை உங்களுக்கே தெரியாம வேலை பாக்குதே அக்கா!"

திகைத்துப்போனாள். போன மாதம் போட்ட கோப்பு அங்கேயே கிடந்ததனால்தான் அவளுடைய கணினி குறை சொல்லவில்லை. அதை எல்லோருக்கும் பொதுவான களஞ்சியத்தில் சேர்த்து, அங்கிருந்து எடுத்து வைக்கும் கட்டளையையும் கருவியின் கோப்பில் எழுதினாள். பதினொரு நிமிடத்தில், சந்தேகத்தின் கணினியிலேயே பொட்டலம் உருவாயிற்று.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "நல்லது. கிளம்பு. ஃபோனை மட்டும் ஆன்ல வச்சிரு."

"எதுக்கு சார்? நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் சந்தேகம்.

அவள் தங்கையை அழைத்தாள்.

"இந்தத் தடவையும் வர முடியலேன்னு சொல்லத்தானே கூப்பிட்டே?"

"இல்லடி. வர்றேன்."

"ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டே சொல்றே. எனக்குத் தெரியாதா?"

வாதாட அவளிடம் தெம்பில்லை. தொலைபேசியை அருகே பிடித்துக்கொண்டு, மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள்.

"கேட்டுச்சா?"

"சாப்பிட்டுட்டுக் கிளம்பு" என்றாள் தங்கை.